மேல்காற்று பலம்

பகல் 12.25. சரக்குக் கப்பலின் சாப்பாட்டு அறை. அங்கே இருந்தவர்கள்:

கேப்டன். நாற்பத்தாறு வயது. கப்பலில் இருபது பேர் அவர் சொன்னால் கேட்பார்கள். இருபத்தோராவது ஆள் அவருடைய அக்கா.

அக்கா. காவல்துறை இன்ஸ்பெக்டர், திருட்டு வழக்குப் பிரிவு. ஒரு திருடனைத் துரத்திப் போய் மாடிப்படியில் விழுந்து இடது காலில் மாவுக்கட்டு. வீட்டில் சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தம்பியின் கப்பலில் ஏறினார். மூன்று வாரம் கடலைப் பார்த்ததில், அதுவும் அதே வேலையைத்தான் செய்யும் என்று தெரிந்துகொண்டார்.

முதல் அதிகாரி. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை சுக்கான் அறை அவர் பொறுப்பு. கப்பல் ஐந்து நிமிடம் தாமதமானால் அவருக்கு வயிறு எரியும்.

சரங்கு. மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர். இரும்பு எதைக் கண்டாலும் பெயின்ட் அடிப்பார். அசையாமல் நின்றால் நம் மேலும் அடித்துவிடுவார் என்று பேச்சு.

மாஸ்டர். சமையல்காரர். ஐம்பத்து மூன்று வயது. வலது முன்கையில் துணிக்கட்டு. வாய் சும்மா இராது.

பலூன். வானிலைத் துறை அனுப்பிய பெண். முப்பத்தைந்து வயது. கப்பலில் அவள் பெயரே அதுதான்; மேடம் என்று சேர்ப்பது முகத்துக்கு நேரே மட்டும். தலைமுடி ஈரமாக இருந்தது.

மற்ற பதினாறு பேரில் இரண்டு பேர் சுக்கான் அறையிலும் எட்டுப் பேர் இன்ஜின் அறையிலும் இருந்தார்கள். மீதிப் பேர் கப்பலின் முன்பக்கம் நங்கூரச் சங்கிலியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து யாரும் யார் கண்ணைவிட்டும் நகரவில்லை. அவர்களை விட்டுவிடலாம்.

"பலூன் எங்கே?" என்றார் கேப்டன்.

"இங்கதான் சார் இருக்கேன்."

"உங்களைக் கேக்கல. பறக்கிற பலூன்."

"அது அறையில மேசை மேல கிடக்கு. பறக்கல."

அதுதான் விஷயம். தினமும் பகல் பதினொன்றேகாலுக்குக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை பலூன் கிளம்ப வேண்டும். அதன் வாலில் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று தொங்கும். அது இருபத்தைந்து கிலோமீட்டர் உயரம் வரை போகும். வழியெல்லாம் வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று என்று ஒவ்வொன்றாக ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும்; கடைசியில் பலூன் வெடிக்கும். கரையில் இதற்கு நிலையங்கள் உண்டு. கடலில் நிலையம் கட்ட முடியாது. அதனால் போகிற வருகிற சரக்குக் கப்பலில் ஓர் இரும்பு அறையைப் பொருத்தி, ஓர் ஆளையும் ஏற்றி அனுப்புகிறார்கள். நாளைக்கு மழை வருமா என்று கரையில் கேட்கிற ஆளுக்கு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது.

இந்தப் பயணத்தில் ஏற்கெனவே இரண்டு பலூன்கள் தவறியிருந்தன. ஒன்று புகைக்கூண்டில் மோதிக் கிழிந்தது. இன்னொன்றின் கருவி பாதி வழியில் ஊமையானது. மூன்றாவதும் தவறினால் கருவிகளை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதாகத் துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. பலூனும் கூடவே இறங்க வேண்டும். அவளுக்காகக் காத்திருப்பது ஜன்னல் இல்லாத ஓர் அலுவலகம். பிறர் அனுப்பும் எண்களைக் கட்டம் கட்டமாகச் சரிபார்க்கிற வேலை. கப்பலுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் அங்கே இருந்தாள். திரும்பிப் போவதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று ஒருமுறை சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

அன்று பார்த்துத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டிருந்தது. எண்ணூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் வேறு பலூன் கிடையாது. இன்று கட்டாயம் விடவும் என்று காலையிலேயே துறை செய்தி அனுப்பியிருந்தது.

கேப்டன் ஒரு தாளை மேசையில் வைத்தார். சுக்கான் அறைத் திரையில் வந்த செய்தியின் நகல்.

*பலூன் அறை. 10.54. மேல்காற்று பலம். இன்று பலூன் இல்லை.*

"இதை நான் அனுப்பல," என்றாள் பலூன்.

"உங்க அறைக் கம்ப்யூட்டர்ல இருந்து வந்திருக்கு."

"அறையில இருந்து வந்திருக்கலாம் சார். என்கிட்ட இருந்து வரல. அந்த நேரம் நான் குளியலறையில மாட்டிக்கிட்டு இருந்தேன்."

முதல் அதிகாரி சிரித்தார்.

"கதவு திறக்கல. தட்டினேன், கத்தினேன். பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி சும்மா தள்ளிப் பார்த்தா திறந்துக்கிச்சு."

"தானா பூட்டிக்கிட்டு தானா திறந்துக்கிச்சாம்," என்றார் முதல் அதிகாரி. "சரங்கு, பெயின்ட் அடிக்கும்போது கதவுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தியா?"

"கதவு அடிச்சு நாலு நாளாச்சு சார். அதுக்கப்புறம் அது என்ன கத்துக்கிச்சோ," என்றார் சரங்கு.

கேப்டன் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு நான் துறைக்கு அறிக்கை அனுப்பணும் மேடம். பலூன் ஏன் போகலன்னு ஒரு காரணம் எழுதணும். குளியலறைன்னு எழுதினா உங்களை மட்டுமில்ல, என்னையும் சேர்த்து இறக்கிடுவாங்க."

"அப்ப என்ன எழுதப் போறீங்க?"

"வானிலை அலுவலரின் சொந்த முடிவுன்னு. இந்தத் தாள் அதைத்தான் சொல்லுது."

பலூன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"டேய், நிறுத்து," என்றார் அக்கா.

"அக்கா, எல்லார் முன்னாடியும் டேய் போடாதேன்னு எத்தனை தடவை..."

"சரிங்க கேப்டன். நிறுத்துடா. மணி பன்னெண்டரை. ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அது வரைக்கும் எழுதாத." அவர் பலூனைப் பார்த்தார். "இப்ப விட்டாக் கணக்குல எடுத்துக்குவாங்களா?"

"ரெண்டரைக்குள்ள கிளம்பிட்டா தாமதம்னு போட்டு எடுத்துக்குவாங்க. ஆனா சார் சொன்னாத்தான் கப்பல் திரும்பும். எனக்குக் கப்பல் திரும்பணும்."

"ஏன் திரும்பணும்?"

"நாம கிழக்கே போறோம். காத்து பின்னாடி இருந்து வருது, நம்ம வேகத்தைவிட அதிகமா. பலூனை விட்டா முன்னாடி வந்து புகைக்கூண்டுல மோதும். கப்பலைப் பக்கவாட்டுல திருப்பினா மோதாம போயிடும். நாலு நிமிஷம் போதும்."

"அந்த நாலு நிமிஷம் கப்பல் தொட்டில் மாதிரி ஆடும்," என்றார் முதல் அதிகாரி. "அப்புறம் பழைய பாதைக்கு வர இன்னும் பத்து நிமிஷம். தினமும் இதே கூத்து."

"முதல்ல யார் பண்ணினதுன்னு தெரியட்டும், அப்புறம் திருப்பறேன்," என்றார் கேப்டன்.

12.40. அக்கா ஊன்றுகோலோடு எழுந்தார். குளியலறை சாப்பாட்டு அறையை ஒட்டிய நடையில், சமையலறைக்கு எதிரே இருந்தது. கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு கொக்கி தொங்கியது. ஆள் இல்லாத அறைகளின் கதவு அலையில் அடித்துக்கொள்ளாமல் இருக்க எல்லாக் கதவுகளிலும் அப்படி ஒன்று உண்டு. வெளியிலிருந்து மாட்டலாம், வெளியிலிருந்துதான் கழற்றலாம். கொக்கி மேல் வெள்ளைப் பெயின்ட் புதிதாக இருந்தது. வளைவின் உள்பக்கம் மட்டும் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது.

"அடப்பாவி," என்றார் பின்னால் வந்த சரங்கு. "காலையில ஏழு மணிக்குக்கூடப் பார்த்தேன். முழுசா இருந்தது."

"பலூனே வெளியில இருந்து மாட்டிக் கீறியிருக்கலாமே," என்றார் கேப்டன்.

"கீறியிருக்கலாம். மேடம், குளிக்க எதுக்குப் போனீங்க? வேலை நேரத்துல."

"குளிக்கப் போகல அக்கா, கழுவப் போனேன். வாயு சிலிண்டர் மாத்தினேன். அதோட வால்வுல யாரோ கிரீஸ் அப்பியிருந்தாங்க. முழங்கை வரைக்கும் கிரீஸ், தலையிலயும் கொஞ்சம். அந்தக் கையோட பலூனைத் தொட்டா ரப்பர் பாதி வழியிலயே வெடிச்சிடும்."

"கிரீஸ் நான்தான் போட்டேன்," என்றார் சரங்கு. "துருப் பிடிக்கக் கூடாதுன்னு."

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும் சரங்கு. தயவு செஞ்சு இனிமே வேண்டாம்."

"கருவியோட உறையைக் கிழிச்சாச்சா?" என்றார் அக்கா.

"பத்து இருபதுக்கே கிழிச்சு பேட்டரி போட்டுட்டேன். கிழிச்சா அன்னைக்கே விட்டாகணும். இல்லன்னா அது குப்பை."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "பலூன் விட மனசு இல்லாதவ எதுக்குடா உறையைக் கிழிக்கணும்?"

"கிழிச்ச அப்புறம் மனசு மாறியிருக்கலாம்."

"உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே கிடைக்காது. எல்லாத்துக்கும் நீயே தீர்ப்பு எழுதிடுவ."

12.50. சாப்பாட்டு அறையில் அக்கா மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டார். ஒவ்வொருவராக வரச் சொன்னார். கேப்டன் சுவரோரம் நின்று கேட்டார்.

முதல் அதிகாரி முதலில் வந்தார்.

"பத்து ஐம்பத்து நாலுக்கு எங்கே இருந்தீங்க?"

"டீ குடிக்கக் கீழே வந்தேன். பத்து நாப்பத்தஞ்சுக்கு வந்தேன், பதினோரு மணிக்கு மேலே போயிட்டேன். போனப்போ திரையில செய்தி இருந்தது."

"உங்களோட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. டீயை வெளித்தளத்துல நின்னு குடிச்சேன்."

"டீ குடிக்கப் பதினஞ்சு நிமிஷமா?"

"சூடா இருந்தது."

"செய்தியைப் பார்த்ததும் என்ன நினைச்சீங்க?"

"அப்பாடான்னு நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன். நேர்ப்பாதையில போனா துறைமுகத்துக்கு நேரத்துக்குப் போகலாம்."

"போன் பண்ணிக் கேக்கலையா?"

"எதுக்கு? மேலே காத்து பலமா இருக்காம். அவங்க துறை, அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப காத்து எப்படி இருந்தது?"

"வெஸ்டர்லி. இருபத்தெட்டு நாட் வேகம்."

"போலாம்."

1.00. சரங்கு உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாற்காலியில் பெயின்ட் ஒட்டும் என்றார்.

"பத்தரையில இருந்து பதினொண்ணேகால் வரைக்கும் பின்பக்கம் பெயின்ட் அறையில இருந்தேன். தனியா. டப்பா கலக்கிக்கிட்டு."

"பலூன் அறைக்குப் பக்கம்."

"பத்தடி. யாரும் வந்து போனதை நான் பார்க்கல. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் கலக்குவேன். காத்துல பெயின்ட் தெறிக்கும்."

"உங்களுக்குப் பலூன் மேல ஏதாவது வருத்தம்?"

"பலூன் மேலயா, மேடம் மேலயா?"

"ரெண்டு மேலயும்."

"மேடம் நல்ல பொண்ணு. பலூன் போன வாரம் கிழிஞ்சு என் புகைக்கூண்டுல ஒட்டிக்கிச்சு. சுரண்டி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. இன்னைக்கும் ஒட்டியிருக்கும். விடலன்னதும் சந்தோஷம்தான்."

"காத்து எப்படி இருந்தது?"

"பின்காத்து. நல்ல வேகம். அப்படியே தள்ளிக்கிட்டு வந்தது."

1.10. மாஸ்டர் வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. பொரித்த மீன், பொரித்த உருளைக்கிழங்கு.

"விசாரணை இருந்தாலும் வயிறு வயிறுதானே. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்கக்கா."

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டார். மொறுமொறுப்பாக இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். மாஸ்டர் தினமும் காலையில் கம்ப்யூட்டரில் தட்டி ஒட்டுகிற சாப்பாட்டுப் பட்டியல். பத்துப் பன்னிரண்டு நாளாகப் பகல் சாப்பாட்டில் வேகவைத்தது, அவித்தது, சுட்டது என்றுதான் வந்தது. பொரித்தது என்று மறுபடி வந்தது இன்றுதான்.

"மீன் பிரமாதம். எத்தனை மணிக்கு எண்ணெய் வெச்சீங்க?"

"பத்தரைக்கு. இருபத்திரண்டு பேருக்குப் பொரிக்கணும்ல."

"பத்தரையில இருந்து இங்கேயேதான் இருந்தீங்களா?"

"எண்ணெய் அடுப்புல இருக்கும்போது எங்கக்கா போறது?"

"எதிர்லதான் குளியலறை. மேடம் தட்டினது கேக்கலையா?"

"புகை இழுக்கிற ஃபேன் ஓடுது. இடி விழுந்தாலும் கேக்காது."

"கையில என்ன கட்டு?"

"பன்னெண்டு நாள் ஆச்சு. சுடுதண்ணி. வழுக்கிடுச்சு."

"காலையிலயே பொரிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆமா. விடியக்காலையில கீழ்க்காத்து, கடலும் அமைதியா இருந்தது. சரி, பயலுங்க எத்தனை நாளைக்குத்தான் அவிச்சதையே தின்பானுங்கன்னு மீனை வெளிய எடுத்து வெச்சேன்."

"கப்பலுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க மாஸ்டர்?"

"எதுக்குக்கா?"

"சும்மாதான். மீன் இவ்வளவு நல்லா வருதே."

"மீன்பிடிப் படகுல பதினோரு வருஷம். அங்கதான் சமைக்கவும் கத்துக்கிட்டேன்."

அக்கா இன்னொரு துண்டை எடுத்தார். "போலாம் மாஸ்டர். தட்டு இருக்கட்டும்."

கேப்டன் சுவரிலிருந்து விலகி வந்தார். "மூணு பேரும் தனியா இருந்திருக்காங்க. மூணு பேருக்கும் பலூன் பிடிக்கல. எனக்கு இதுல ஒண்ணும் புரியல."

"உனக்கு எப்பவுமே புரியாதுடா. கேப்டனா இருக்க அது தேவையில்லை போல. எல்லாரையும் கூப்பிடு."

1.30. மறுபடி அதே ஆறு பேர். பலூன் கதவருகே நின்றாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. இரண்டரைக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. பலூனில் வாயு நிரப்பவே இருபது நிமிடம் வேண்டும்.

அக்கா அந்தத் தாளை எடுத்து முதல் அதிகாரியிடம் நீட்டினார். "ஒரு சின்ன வேலை. இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க."

"மேலே, உயரத்துல, காத்து பலமா இருக்கு. அதனால பலூன் விடல."

தாள் சரங்கிடம் போனது. அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "ஆகாசத்துல காத்து ஜாஸ்தி. விடலன்னு சொல்றாங்க."

கேப்டனிடம் போனது. "அதேதான். மேலே காத்து பலம்."

மாஸ்டரிடம் போனது. அவர் படித்துவிட்டு எல்லோரையும் பார்த்தார். இத்தனை பேர் படித்தும் ஒருவருக்குக்கூடப் புரியவில்லையே என்கிற முகம்.

"மேலேன்னு எங்க இருக்கு? மேல்காத்து பலம், மேற்கால இருந்து வருது. விட்டா புகைக்கூண்டுல போய் மோதும். அதான் வேண்டாம்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தாளை மெதுவாக மேசையில் வைத்தார்.

"இந்தச் செய்திக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு இந்த அறையில வேற யாருக்கும் தோணல மாஸ்டர்," என்றார் அக்கா. "எழுதின ஆளுக்குத்தான் தோணும்."

சமையலறையில் ஃபேன் ஓடியது.

"மூணு பேர்கிட்டயும் காத்து எப்படின்னு கேட்டேன்," அக்கா தம்பியிடம் சொன்னார். "உன் அதிகாரி மேற்குக் காத்தை வெஸ்டர்லின்னார். அவர் படிச்ச படிப்பு அப்படி. சரங்கு பின்காத்துன்னார். அவருக்குக் கப்பல்தான் உலகம், காத்து அதுக்கு முன்னாடி வரும் இல்ல பின்னாடி வரும். மாஸ்டர் மட்டும் காலையில கீழ்க்காத்துன்னார். கீழேயிருந்து வீசுற காத்து இல்லடா, கிழக்கே இருந்து வர்ற காத்து. மேலத் தெரு, கீழத் தெருன்னா ஒண்ணு மாடியிலயும் ஒண்ணு தரையிலயுமா இருக்கு? படகுல பதினோரு வருஷம் இருந்தவருக்கு மேற்கே இருந்து வந்தா அது மேல்காத்து. அவர் வேற எப்படி எழுதுவார்?"

"ஆனா பலூன் மேடமும் அப்படி எழுதியிருக்கலாமே," என்றார் கேப்டன். விட மனமில்லை.

"மேடம், நீங்களே சொல்லுங்க. உங்க துறையில மேல்காற்றுன்னா என்ன?"

"உயர்காற்று. தலைக்கு மேல இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு இருக்கிற காத்து. எங்க படிவத்துல தலைப்பே அதுதான்." பலூன் ஓர் அடி முன்னால் வந்தாள். அவளுக்கும் இப்போதுதான் பிடிபட்டது. "அது பலமா, இல்லையான்னு பலூன் விட்டாத்தானே தெரியும். விடாமயே எனக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் நாலு வருஷமா உங்க கப்பல்ல இருக்கேன்."

கேப்டன் தாளை மறுபடி படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது காது சிவந்தது.

"இதை எழுதின ஆள் பலூன்காரர் இல்ல. அதுவே போதும்," என்றார் அக்கா. "இவ்வளவு நேரம் நீங்க எல்லாரும் இதை அவங்க எழுதினதா எடுத்துக்கிட்டு, அவங்க பாஷையில படிச்சிட்டு இருந்தீங்க. அதான் தப்பு. மாஸ்டர், மீதியை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாஸ்டர் கையிலிருந்த கட்டை அவிழ்த்தார். முழங்கை வரை தோல் சிவந்து சுருங்கியிருந்தது.

"சுடுதண்ணி இல்லக்கா. குழம்பு. பன்னெண்டு நாள் முன்னாடி பலூனுக்காகக் கப்பலைத் திருப்பினாங்க. ஒரு வார்த்தை சொல்லல. அண்டா அப்படியே வந்து கையில சாய்ஞ்சுது." அவர் முதல் அதிகாரியைப் பார்த்தார். "சார்கிட்டப் போய்ச் சொன்னேன். திருப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்கன்னேன். கப்பல் உன் சட்டியைப் பார்த்துக்கிட்டு ஓடாதுன்னார்."

முதல் அதிகாரி தரையைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் பகல்ல எண்ணெயே வெக்கல. இன்னைக்குக் காலையில கீழ்க்காத்து. முன்னாடி இருந்து வர்ற காத்து, திருப்ப வேண்டியதில்ல. தைரியமா எண்ணெய் வெச்சேன். பத்தரைக்கு மேல பார்த்தா காத்து சுத்திடுச்சு. பன்னெண்டு லிட்டர் எண்ணெய் கொதிச்சிட்டு நிக்குது. அது சாய்ஞ்சா கை இல்ல, நானே இருக்க மாட்டேன். அந்த நேரம் இந்தம்மா கிரீஸ் கையோட உள்ள போனாங்க. கொக்கியை மாட்டிட்டேன். அடுப்பை அணைச்சிட்டுப் பின்னாடி ஓடி, அந்த ரெண்டு வரியைத் தட்டிட்டு வந்தேன். பொரிச்சு முடிச்சதும் கொக்கியைக் கழட்டிட்டேன்."

"எண்ணெயையே இறக்கி வெச்சிருக்கலாமே," என்றாள் பலூன்.

"இப்பத் தோணுது. அப்பத் தோணல."

"ஒரு மணி நேரம் உள்ளே இருந்தேன் மாஸ்டர். கத்திக் கத்தி, அப்புறம் பாட்டே பாட ஆரம்பிச்சிட்டேன்."

"கேட்டுச்சு," என்றார் மாஸ்டர். "சுருதி கொஞ்சம் விலகுது. மத்தபடி நல்லா இருந்தது."

சரங்கு சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் மாஸ்டர். "உன் வேலை போகும்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் பலூன் போகலன்னா என்ன, நாளைக்குப் போகும்னு நெனச்சேன்."

பலூன் பெருந்தன்மைக்குப் பெயர் எடுத்தவள் அல்ல. "மன்னிக்கிறதை அப்புறம் பார்ப்போம் மாஸ்டர். சார், அறிக்கையில நடந்ததை அப்படியே எழுதுங்க. அவர் பண்ணினதையும் எழுதுங்க. அவர் கைக்கு என்ன ஆச்சு, யார் போன் போடலங்கிறதையும் எழுதுங்க. என் பேர்ல தப்புன்னு ஒரு எழுத்து இருக்கக் கூடாது. இப்ப எனக்குக் கப்பலைத் திருப்பிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

மணி 1.42.

கேப்டன் முதல் அதிகாரியிடம் திரும்பினார். "ரெண்டு அஞ்சுக்குத் திருப்புங்க. இன்னையில இருந்து திருப்புறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி சமையலறைக்குப் போன் போகணும். மறந்தா அன்னைக்குப் பகல் சாப்பாடு நீங்கதான் சமைக்கணும்."

"ஐயையோ," என்றார் சரங்கு. அவர் சாப்பிடுகிறவர்.

1.55. சமையலறையில் போன் அடித்தது. மாஸ்டர் எடுத்தார். "திருப்பப் போறோம்," என்றது முதல் அதிகாரியின் குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு, "சட்டியைப் பார்த்துக்கோங்க," என்றது. எண்ணெய் எப்போதோ ஆறி டின்னுக்குப் போயிருந்தது. ஆனாலும் மாஸ்டர், "சரிங்க சார், பார்த்துக்கறேன்," என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்தார்.

2.05. கப்பல் திரும்பியது. அலை பக்கவாட்டில் வந்து மோதியது. சாப்பாட்டு அறையில் ஒரு தட்டு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது.

2.08. பின்பக்கத்து இரும்பு அறையின் கூரை திறந்தது. ஆள் உயரத்துக்கு உப்பியிருந்த பலூன் பக்கவாட்டில் சாய்ந்து, கப்பல் ஓரத்துக் கம்பியை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, கடல் பக்கம் போய் நிமிர்ந்தது. கருவி ஒரு தடவை சுழன்றுவிட்டுப் பின்னாலேயே ஏறியது. புகைக்கூண்டின் அடியில் கையில் சுரண்டும் தகட்டோடு காத்திருந்த சரங்கு, பலூன் தன்னைக் கடந்து மேகத்துக்குள் போகிற வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவைத் தூக்கிவர இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். அக்காவுக்கு பலூன் அறையைப் பார்க்க வேண்டுமாம். மாவுக்கட்டோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அக்கா வழியெல்லாம் இடதுபக்கம் தாழுது, வலதுபக்கம் தாழுது என்று உத்தரவு போட்டுக்கொண்டு வந்தார்.

2.40. அறைக்குள் திரையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஏழு கிலோமீட்டர். எட்டு. துறையிலிருந்து ஒரு வரி வந்தது. *தரவு கிடைக்கிறது. தெற்கு வானிலைப் படம் இப்போதே மாறுகிறது. நாளையும் தொடரவும்.* பலூன் அதை இரண்டு தடவை படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. 'நாளையும்' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் மேசையில் எழுதினாள்.

கதவு தட்டப்பட்டது. வாசலில் அக்கா, ஊன்றுகோலோடு. அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேப்டன். கேப்டனுக்குப் பின்னால், பார்க்க வந்தது தெரியக் கூடாது என்பதுபோல் கடலைப் பார்த்தபடி முதல் அதிகாரி.

"மேடம், நானும் ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார் கேப்டன்.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் உள்ள வரக் கூடாது சார். மேல போகப் போக சிக்னல் மெலிசாகும். ஆள் நடமாடினா எனக்குக் கவனம் போகும்."

"அப்ப அக்கா?"

"அவங்களால நடமாட முடியாது," என்றாள் பலூன்.

அக்கா உள்ளே வந்து ஒரு காலி சிலிண்டர் பெட்டி மேல் உட்கார்ந்து காலை நீட்டினார். பலூன் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். சாவியையும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.